மாஸ்டருக்காக விழுந்தவன்

கோச்சடையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியில் எங்கள் கராத்தே வகுப்பு நடந்தது. நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. கல்லூரி அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னார். காலையில் வைகைக் கரையோரம் நடக்கப் போனால் நாய்கள் துரத்தின. மொட்டைமாடிக்கு நாய் ஏறி வராது என்பதைத் தவிர கராத்தேயின் மேல் எனக்கு வேறு எந்த மரியாதையும் அப்போது இல்லை.

மாஸ்டருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். பகலில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளர். கடையில் பார்த்தால் தோள் சற்றுத் தொங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்பார். வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டும் ஏறிவிட்டால் குரலே மாறிவிடும். சேர்ந்த ஆறாவது மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, நீ நல்லா விழுற" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து விளையாட்டில் யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

அன்றிலிருந்து மாஸ்டர் செயல்விளக்கம் காட்டப் போகிற இடமெல்லாம் நானும் போனேன். பள்ளி ஆண்டுவிழாக்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள், மகளிர் தின நிகழ்ச்சிகள். என் வேலை எளிது. நான் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், அவர் திருப்புவார், நான் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாயில் விழுவேன். ரப்பர் கத்தியோடு பாய்வேன், அவர் ஒதுங்கிக் கையைத் தொடுவார், விழுவேன். எண்பத்தைந்து கிலோ ஆள் பறப்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். விழும்போது பாயில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்பேன். அந்தச் சத்தத்துக்குத்தான் கைதட்டலே. ஓடு உடைக்கும் காட்சியும் உண்டு. ஓடுகளை முதல் நாளே வெயிலில் காயவைத்துவிடுவோம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவில் சின்னக் கட்டைகளை வைத்து இடைவெளி விடுவதும் என் பொறுப்பு. இடைவெளி விட்டால் மேல் ஓடு உடைந்த வேகத்தில் கீழ் ஓடுகளும் உடையும். இதையெல்லாம் ஏமாற்று என்று நான் நினைத்ததில்லை. மேடைக்குத் தேவையான ஏற்பாடு என்றே நினைத்தேன்.

முதல் சந்தேகம் என் மனைவியிடமிருந்து வந்தது. அவள் திருநகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாங்கள் போயிருந்தோம். நான் பறந்ததைத் தன் செல்போனில் படமெடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் சோபாவில் உட்கார்ந்து அதை வேகம் குறைத்து ஓட்டிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. அவரு கை இன்னும் திரும்பவே இல்ல. உங்க ரெண்டு காலும் தரையில இல்ல."

"அது அப்படித்தான். நம்மளா போகலைன்னா மணிக்கட்டு ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சிரும்னு யாரு சொன்னா?"

"மாஸ்டர்."

அவள் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். நான் கோபமாக எழுந்து போய் டிவியைப் போட்டேன். ஆனால் அவள் தூங்கிய பிறகு அதே படத்தை நானும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மாஸ்டரின் விரல் என் கையில் அழுந்துவதற்கு முன்பே என் முழங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. எறியப்படுகிறவனின் முகமாக அது இல்லை. கிணற்றில் குதிக்கப் போகிறவனின் முகமாக இருந்தது.

அடுத்த மாதம் பைபாஸ் ரோட்டில் ஒரு சின்னத் தகராறு. சிக்னலில் நின்ற என் வண்டியைப் பின்னால் வந்த ஒருவர் இடித்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். நான் இறங்கிப் போய் "பாத்து வரக்கூடாதா" என்றேன். பேச்சு வளர்ந்தது. அவர் என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். மூன்று வருடப் பயிற்சி அந்த நொடியில் வேலை செய்தது. நான் மிக அழகாகப் பின்னால் சாய்ந்து, தோளில் உருண்டு, தார் ரோட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்து விழுந்தேன்.

அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். "யோவ், நான் லேசாத்தான்யா தள்ளுனேன்! எல்லாரும் பாத்துக்கங்கப்பா, நான் லேசாத்தான் தள்ளுனேன்!" என்று சுற்றி நின்றவர்களிடம் கத்தினார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. தற்காப்பு என்று நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான் என்பது அந்த ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. வீட்டில், வண்டி சறுக்கிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். கத்தியால் குத்த வருகிறவன் குத்திய கையை ஏன் நீட்டியபடியே வைத்திருக்கிறான்? இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை குத்தினால் என்ன ஆகும்? மூன்று பேர் சூழ்ந்து நிற்கும் காட்சியில் ஒருவன் அடி வாங்கி முடிக்கும்வரை மற்ற இருவரும் எதற்குக் காத்திருக்கிறார்கள்? அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவன் நான்தான். ஆனாலும் மாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்த மேடை எனக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயம் இருந்தது.

எழுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் மாஸ்டர் சனிக்கிழமைதோறும் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். அங்கே பெற்றோர் கூட்டத்தன்று செயல்விளக்கம் வைத்திருந்தார்கள். வெயில் சாயும் நேரம், மைதானத்தில் பாய் விரித்திருந்தோம். வெள்ளை உடுப்பில் இருபது பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் வழக்கம்போல் நாலு முறை பறந்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் மாஸ்டர் மைக்கில், "சந்தேகம் உள்ளவங்க யாராச்சும் வரலாம்" என்றார். இதை எல்லா இடத்திலும் சொல்வார். யாரும் வந்ததில்லை.

அன்று ஒருவர் எழுந்தார். "நான் வரட்டா அண்ணே?"

நாற்பது வயதுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவரும் ஒரு மாணவியின் அப்பா, சொந்தமாகத் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், காயைத் தானே உரிக்கிறார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் பார்த்தது அவருடைய முன்கையை மட்டும்தான். என் கணுக்காலை விடத் தடிமனாக இருந்தது.

"என் கையைப் பிடிங்க" என்றார் மாஸ்டர். அவர் பிடித்தார். மாஸ்டர் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் காலை மாற்றி வைத்து, இடுப்பைத் திருப்பி, முழு உடம்பாலும் மறுபடி திருப்பினார். அந்த மனிதர் மரம்போல நின்று, "இப்ப நான் என்ன செய்யணும் அண்ணே?" என்று உண்மையாகவே கேட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டரின் காதோரம் வியர்வை இறங்கியது.

அப்போது அந்த மனிதர் வரிசையில் நின்ற பெண்களை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த கணம், "ஐயோ" என்று கத்திக்கொண்டு தடாலென்று பக்கவாட்டில் விழுந்தார். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. விழுவதே தொழிலாக இருந்த எனக்கு, அவர் தானாகத்தான் விழுந்தார் என்பதில் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. மாஸ்டரின் பிடி அந்த நேரத்தில் தளர்ந்திருந்தது.

குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "எதுக்குண்ணே நீங்களா விழுந்தீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மட்டும்?"

பிறகு அவரே சொன்னார். "எம் புள்ள பதினொண்ணாவது படிக்குது. இதுல சேந்த பெறகுதான் ஒத்தையில உசிலம்பட்டிக்கு டியூசன் போயிட்டு வருது. மொதல்ல பஸ்ல ஏறவே பயப்படும். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி நான் நின்னு காமிச்சிருந்தா திங்கக்கிழமை அது எப்படிண்ணே பஸ் ஏறும்?"

"ஆனா நெசமாவே எவனாச்சும் கையைப் பிடிச்சா?"

குழாயை மூடினார். "அதைத்தான் நானும் கீழ விழுந்து கிடக்கையில நெனச்சேன்" என்றார். என் செல்போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாஸ்டரின் பைக்கில் திரும்பினோம். உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது, இத்தனை நாள் அடக்கியதைச் சொல்லிவிட்டேன். "மாஸ்டர், அந்த ஆளு தானா விழுந்தாரு."

"தெரியும்."

மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். "அப்ப நான் விழுறது?"

டீ கிளாசை பெஞ்சில் வைத்தார். "அதை நீதான் சொல்லணும் மாப்ள. உன்னைய நான்தான் தூக்கி எறியிறேன்னு மூணு வருசமா நம்பிக்கிட்டு இருக்கேன். என்னைக்காச்சும் ஒருநாள் நீ விழாம நின்னிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்ல?"

அவர் சொன்னது உண்மையா, பழியை என் மேல் திருப்பும் சாமர்த்தியமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மதுரை வரும்வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவருக்கும் ஒரு குரு கற்றுக்கொடுத்திருப்பார். அந்தக் குருவுக்காக இவர் விழுந்திருப்பார். ஒருநாளாவது விழாமல் இவர் நின்று பார்த்தாரா? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மாஸ்டர் மாடிக் கதவைச் சாத்தினார். "வா. இன்னைக்கு விழாத" என்றார்.

அவர் கையைப் பிடித்தேன். திருப்பினார். வலித்தது. ஆனால் நான் விழவில்லை. இன்னொரு முறை. கையை இழுத்துக்கொண்டேன். ரப்பர் கத்தியை எடுத்து, குத்திவிட்டுக் கையை நீட்டி வைக்காமல் மறுபடி மறுபடி குத்தினேன். ஒன்றைக்கூட அவரால் பிடிக்க முடியவில்லை. வயிறு, கழுத்து, விலா என்று கத்தி பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தள்ளினார். இருவரும் சிமெண்ட் தளத்தில் உருண்டோம். என் சுண்டுவிரல் அவர் பெல்ட்டில் சிக்கிப் பிசகியது. அவர் மூக்கில் என் முழங்கை பட்டது. மேலே ஏறி என்னை அமுக்கிப் பிடித்தவர் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது அவர் கற்றுக்கொடுத்த எந்த முறையிலும் சேராது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் கட்டிப் புரள்வது போலத்தான் இருந்தது.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இதை மேடையில காமிச்சா எவன் கைதட்டுவான்?" என்றார்.

"அந்தப் புள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக் கொடுக்கணும்?"

"சொல்லிக் கொடுத்தா எவளும் வரமாட்டா. விரல் பிசகுனா அவங்க அம்மா மறுநாளே நிறுத்திப்புடும்." எழுந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, "பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' என்னவாயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சனிக்கிழமை வகுப்பில் இப்போது ஒருவரையொருவர் இழுத்துப் பழகுகிறார்கள் என்று அவர் சொல்கிறார். நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. மேடைகள் மட்டும் மாறவில்லை. எனக்குப் பதிலாக ஒரு வங்கி ஊழியர் விழுகிறார். நன்றாகவே விழுகிறார். நான் உடற்பயிற்சிக்காக மட்டும் காலையில் போகிறேன். சர்க்கரை குறைந்திருக்கிறது. கராத்தேயில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லாத விஷயம் அந்த லேப் ரிப்போர்ட்தான். பைபாஸ் ரோட்டில் நடந்ததை ஒருநாள் மனைவியிடம் ஒத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து, ஆறிப்போன தழும்பைப் பார்த்தாள்.

எழுமலைக்காரர் ஒருநாள் போன் செய்தார். மகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்று கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? "நீங்களே அவ கையைப் பிடிங்கண்ணே. நெசமாப் பிடிங்க. விட்டுக் கொடுக்காதீங்க. அதுவா வெளிய வரட்டும்" என்றேன். சொல்லிவிட்டு, ஒரு அப்பாவிடம் இப்படிச் சொல்லலாமா என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

"மொத நாளு மாஸ்டர் சொன்ன மாதிரியே மணிக்கட்டத் திருப்புச்சுண்ணே. ஒண்ணும் ஆகல. அழுதுருச்சு. ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. அவங்கம்மா என்னைய வஞ்சா. பெறகு அதுவே வந்து, பிடிங்கப்பான்னுச்சு. நேத்து கடிச்சு வச்சிருச்சு. நல்லா ஆழமா. நான் கைய ஒதறுறதுக்குள்ள தெருவுக்கு ஓடிப் போயி நின்னு கத்துது. பக்கத்து வீட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் வந்துட்டாக."

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ஊசி போட்டுக்கிட்டேன்."

"பஸ்ல போகுதா இன்னும்?"

"போகுது. ஆனா முன்ன மாதிரி இல்ல. டிரைவருக்குப் பின்னாடி சீட்டுலதான் உக்காருது. எவன் ஏறுறான், எவன் எறங்குறான்னு பாத்துக்கிட்டே போகுதாம்."