பக்கத்துக் காட்டுப் புழு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் கையில் ஊசி குத்தி, அவர்கள் முனகுவதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய். வீட்டுக்கு வந்தும் அது சும்மா இருக்காது. அந்த வாயால் ஒரு சாயங்காலம் நான் சொன்ன ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்ல ஒரு தவிட்டுக்குருவிக் குஞ்சிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர், அவருடைய அக்கா. அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆண்டிமடம் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர். இரண்டு பிள்ளை பெற்றார். இரண்டும் பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்களோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நான் விலங்கியலில் பட்டம் வாங்கியவள். இந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் எங்கள் புன்செய்க் காட்டில் மக்காச்சோளம் இடுப்பளவு நின்றபோது, வேலியோரம் மண்டிக்கிடந்த சீமைக்கருவையை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார் என் கணவர். அதில் ஒரு கூடு இருந்தது யாருக்கும் தெரியாது. மரம் சாய்ந்த இடத்தில் மூன்று குஞ்சுகள் கிடந்தன. இரண்டு நசுங்கியிருந்தன. மூன்றாவது மட்டும் மண்ணோடு வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு கூடையில் துணி போட்டு அதை வைத்துப் பக்கத்து வேம்பில் கட்டினோம். தாய்க்கூட்டம் வந்து சுற்றிச்சுற்றிக் கத்தியது. ஜேசிபி மறுபடி உறுமியதும் பறந்துவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வரவும் நான் கூடையை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"வளருமாம்மா இது?" என்று கேட்டார் அண்ணி.

"நான் சொல்றபடி செஞ்சா வளரும்" என்றேன்.

ஊசி வந்த அட்டைப்பெட்டி, பழைய வேட்டித்துணி, மேலே ஒரு குண்டு பல்பு. போனில் தேடித்தேடிப் படித்தேன். அரை மணிக்கொரு தரம் தீனி, பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் ஊட்ட வேண்டும். தண்ணீரை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துவிடும். கடைசி விஷயத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிக்கு மேல் சுவரில் ஒட்டினேன். அண்ணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். பகல் முழுக்க நான் வேலைக்குப் போய்விடுவதால் ஊட்டுகிற வேலை அவருடையது. எட்டு மணிநேரம் அரை மணிக்கொரு தரம் என்றால் எத்தனை தடவை என்று நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவித்த முட்டை கொடுத்தோம். அண்ணிதான் புழுவைச் சொன்னார். மக்காச்சோளக் குருத்துக்குள் படைப்புழு அப்பிக்கிடந்த வருஷம் அது. குருத்தைப் பிரித்தால் இரண்டு மூன்று உருளும். ஊரே மருந்து அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி தம்பியிடம் போய் நின்றார். எதையும் கேட்டுப் பழகாதவர், கேட்டார்.

"நாலே நாலு வரிசைக்கு மட்டும் மருந்தடிக்காம வுடுப்பா. குஞ்சு தின்னுட்டுப் போவட்டும்."

என் கணவர் சிரித்துக்கொண்டே காட்டின் கடைசி நாலு வரிசையை விட்டுவிட்டார். காலையில் பஸ் ஏறுவதற்கு முன் அந்த வரிசையில் புழு பிடித்துக் கொடுப்பது என் வேலை. முதல் நாளே அண்ணி சொல்லி அனுப்பினார். "நம்ம நாலு வரிசைய வுட்டு வேற எங்கயும் புடிக்காதம்மா. எவன் எப்ப மருந்தடிப்பான்னு தெரியாது." எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

குஞ்சு வளர்ந்தது. ஈர்க்குச்சி ஈர்க்குச்சியாக இருந்த முள் விரிந்து தவிட்டு நிறத்தில் இறகானது. வெளிறிய கண்ணை உருட்டி எங்களைத் திருடர்களைப் பார்ப்பது போலப் பார்க்கும். அண்ணி புடவை சரசரத்தாலே வாயைப் பிளந்துகொண்டு எழும்பும், நான் போனால் பேசாமல் இருக்கும். எனக்கு அதில் ஒரு பொறாமை இருந்தது. பத்து நாளில் கட்டிலிலிருந்து ஜன்னலுக்குத் தாவியது. அண்ணி அந்த நாட்களில் அதிகம் பேசினார். குஞ்சிடம் பேசினார், எதிர்வீட்டு அக்காவிடம் குஞ்சைப் பற்றிப் பேசினார், சமைக்கும்போது தனக்குத்தானே பேசினார். மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் தினமும் வருவதைப் பார்த்து வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழமை கொண்டுபோயி அதுங்களோட வுட்டுடலாம்மா. சேத்துக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் தூங்கி எழுந்ததே தாமதம். முந்தின நாள் முன்னிரவில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. எங்கள் நாலு வரிசைக்குப் போக வேண்டுமென்றால் காட்டின் மறுகோடி வரை சேற்றில் நடக்க வேண்டும். வேலைக்குப் போகிற புடவை கட்டியிருந்தேன். பக்கத்துக் காடு ரோட்டோரத்திலேயே இருந்தது. சும்மா எட்டிப் பார்த்தேன். புழுக்கள் குருத்துக்குள் ஒளியாமல் இலைமேலேயே கிடந்தன. தொட்டால் சுருண்டுகொள்ளவோ ஓடவோ இல்லை. இரண்டு நிமிஷத்தில் டப்பா நிறைந்தது. ஏன் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று விலங்கியல் படித்த எனக்குத் தோன்றவில்லை. நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

டப்பாவை வாங்கிக்கொண்ட அண்ணி கேட்டார். "நம்ம வரிசையிலதானே புடிச்ச?"

பஸ் வருகிற சத்தம் கேட்டது. "ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. "குஞ்சு கழுத்தைத் திருப்பித் திருப்பி வுழுவுது. ரெக்கை நடுங்குது. என்னம்மா செய்ய?" கையில் ஒருவருடைய ரத்தத்தை வைத்துக்கொண்டு நின்றேன். "தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர், "வாய் காஞ்சு கெடந்துச்சு. வெரல்ல தொட்டு ஒரு சொட்டு வச்சேன்" என்றார்.

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது குஞ்சு செத்து விறைத்திருந்தது. கால்கள் இரண்டும் பின்னால் நீண்டிருந்தன. அண்ணி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிய தாளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எழுதி வேற ஒட்டுனேனே! ஒங்க கையில குடுத்தது எதுதான் அண்ணி நெலைச்சுது?"

சொல்லும்போதே அது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் வந்துவிட்டது என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே நின்றார். அண்ணி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியிலிருந்த குஞ்சைப் பார்த்து, "ஒரு சொட்டுதாம்மா" என்றார். பிறகு எழுந்து அதைக் கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, உலை வைத்தார்.

நான் பெட்டியை ஒழிக்கப் போனேன். பக்கத்திலேயே டப்பா இருந்தது. திறந்தேன். மீதிப் புழுக்கள் அத்தனையும் செத்துக் கறுத்து நீட்டிக்கிடந்தன. மூக்கில் அந்த மருந்து வாடை லேசாக ஏறியது. அடுப்படியில் அண்ணி அரிசி களையும் சத்தம் கேட்டது. பத்தடி தூரம்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். நான் கொல்லைப்புறம் போய்ப் புழுக்களைச் சாக்கடையில் கொட்டி, டப்பாவை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்துக் காட்டுக்காரரிடம் மருந்தடித்தாரா என்று கேட்டேன். "முந்தாநாத்து சாயங்காலமே அடிச்சுட்டமே. அடிச்ச கையோட மழை புடிச்சுக்கிச்சு, மருந்து கழுவிப் போயிருக்கும்னு நெனச்சேன். பரவால்ல, நல்லாக் கேட்டிருக்கு" என்றார். நானும் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அன்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு வாரம் போனது, ஒரு மாசம் போனது. நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணி பழையபடி அளந்து பேச ஆரம்பித்தார். மற்றபடி ஒன்றும் மாறவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மாறியிருந்தது எனக்கு மகள் பிறந்தபோதுதான் தெரிந்தது. பிரசவத்துக்கு ஜெயங்கொண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி பார்க்க வந்தார். பிள்ளைக்குத் தானே தைத்த சட்டைகள், எனக்குப் பூண்டுக் குழம்பு, எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என் அம்மா குழந்தையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். அண்ணி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"நான் பாத்துட்டே இருக்கேன். நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

அம்மா ஏதோ கூச்சம் என்று நினைத்தாள். எனக்குத்தான் காரணம் தெரியும். அன்றே சொல்ல வாய் வரவில்லை, பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் மாசம் ஊருக்குத் திரும்பிய அன்று, குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, அடுப்படியில் அண்ணி எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, அந்தக் குஞ்சு நீங்க வச்ச தண்ணியில சாவல. அன்னைக்கு நான் பக்கத்துக் காட்டுல புழு புடிச்சேன். மொத நாளு அங்க மருந்தடிச்சிருக்காங்க."

அவர் கீரை ஆய்வதை நிறுத்தினார். "நான் கேட்டப்ப நம்ம வரிசைன்னுதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்."

திட்டுவார், அழுவார், எழுந்து போவார் என்று எதற்கும் தயாராக இருந்தேன். அவர் முகம் இளகியது. சிரித்தார்.

"அப்ப பொய் சொல்லலம்மா. இப்பதான் சொல்ற. நான் புள்ளையத் தூக்கணும்னு சொல்ற. எம்மனசு ஆறணும்னு சொல்ற. எனக்குத் தெரியாதா ஒன்னைய?"

சத்தியம் செய்தேன். குழந்தை மேல் சத்தியம் செய்யப் போனபோது எட்டி என் வாயைப் பொத்தினார். என் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். "எனக்கே நீ இதை இன்னைக்குத்தான சொல்ற" என்றார் அவர். அவருக்கும் நம்பிக்கை வரவில்லை என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு எந்த வாரம் மருந்தடித்தோம் என்றே ஞாபகமில்லை. எனக்குச் சாட்சியாக இருந்திருக்க வேண்டிய டப்பாவை நானேதான் மூன்று தடவை கழுவினேன்.

அதற்குப் பிறகு தெருவில் என் பேர் நன்றாகிவிட்டது. அண்ணி எல்லாரிடமும் சொல்கிறார். "எந்தம்பி பொண்டாட்டிக்கு வாய்தான் அப்படி. மனசு தங்கம். நான் செஞ்ச பாவத்தைத் தன் தலையில போட்டுக்கிறா." கேட்கிறவர்கள் என்னை மெச்சிப் பேசும்போது நான் எதையாவது சாக்கிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஆறாம் மாசத்தில் வேலைக்குத் திரும்பினேன். பகலில் மகளை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்ல வேண்டும், ஆனால் முழுக்க அப்படி இல்லை. துணி துவைப்பது, கஞ்சி காய்ச்சுவது, பருப்பு மசிப்பது, தூளி ஆட்டுவது எல்லாம் அவர். ஊட்டுவதற்கும் தூக்குவதற்கும் மட்டும் எதிர்வீட்டு அக்கா வந்து போவார்.

போன வாரம் ஒருநாள் பரிசோதனைக் கூடத்தில் கரண்ட் இல்லாமல் மதியமே வந்துவிட்டேன். தெருவிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. உள்ளே போனால் மகள் பாயில் கிடந்து வீறிடுகிறாள். எதிர்வீடு பூட்டியிருந்தது. பாய்க்குப் பக்கத்தில் ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளரிலும், சுடுதண்ணீரில் அலசிய கரண்டி ஒரு தட்டிலும் தயாராக இருந்தன. அண்ணி ஓரடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைகளைத் தட்டித் தட்டி, "இந்தா வந்துருவாங்க தங்கம், இந்தா வந்துருவாங்க" என்று கண்ணீர் வழியச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து விலகி வழிவிட்டார். "நல்லவேளை வந்துட்ட. ரொம்ப நேரமா தாகமா இருக்கும்மா அதுக்கு. சீக்கிரம் ஒரு கரண்டி தண்ணி குடு" என்றார். நான் குழந்தையைத் தூக்கித் தண்ணீரைக் கொடுத்தேன்.