கோஸ்வினுக்குத் தைத்த பஞ்சுச் சட்டை

ஹெய்ல்விக் ஊசியைக் குத்தி, மறுபக்கம் வந்த முனையைப் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டு லினன் துணிகளுக்கு நடுவே பஞ்சும் பழந்துணியும் விரல் தடிப்புக்கு அடைக்கப்பட்டிருந்தன. விரலால் மட்டும் இழுத்தால் ஊசி வராது. பழந்துணி எல்லாம் நோயாளிகள் படுத்துத் தேய்ந்த விரிப்புகள். கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்தவை. இரும்புக் கவசத்துக்கு அடியில் போடும் சட்டை இது; புதுத்துணியைத் திணித்தால் தோலை உரித்துவிடும்.

எதிரே நூல் கோத்துக்கொண்டிருந்த அலெய்டிஸ் கேட்டாள்: "இது யார் படுத்த விரிப்பு?"

"படுத்தவன் போயிட்டான். நூலைக் குடு."

"நடந்து போனானா, தூக்கிட்டுப் போனாங்களா?"

"ரெண்டும் உண்டு. பேச்சைக் குறைச்சுக் கோத்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

இருவரும் கென்ட் நகரத்துப் பெகின் வளாகத்தில் இருந்தார்கள். துறவுச் சபதம் இல்லாமல், கையால் உழைத்துச் சாப்பிடும் பெண்களின் இடம் அது. ஹெய்ல்விக் இளம் வயதில் வந்தவள். முதலில் நோயாளிக் கூடத்தில்தான் வேலை. எழ முடியாதவர்களுக்குக் குதிகாலிலும் இடுப்பிலும் வைக்கப் பஞ்சுத் திண்டு தைத்துத் தைத்து, எலும்பு எங்கே துருத்தும், தோல் எங்கே முதலில் சிவக்கும் என்று கைக்கே தெரிந்துபோயிற்று. இரும்புக் கவசம் கடிப்பதும் அதே இடங்களில்தான். அப்படித்தான், ஊர்த் தொழிலாளிகள் நகரக் காவலுக்காகச் சேரும் வில்லாளர் சங்கத்து ஆண்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

இந்தச் சட்டை பீப்பாய் செய்யும் கோஸ்வினுக்கு. வருடம் ஒருமுறை சங்கத்தார் கவசம் பூட்டிச் சந்தைவெளியை ஒரு சுற்று நடக்க வேண்டும். போன வருடம் கோஸ்வின் படுக்கையில் கிடந்தான். அடுத்தடுத்து இரண்டு தடவை நடக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால், அவனுக்குப் பிறகு மனைவி மாக்தெல்ட்டுக்குச் சங்கத்து விதவையர் வீட்டில் அறை கிடையாது. அடுத்த குளிர்காலத்துக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் காலை அணிவகுப்பு. சாயங்காலம் ஹெய்ல்விக் சட்டையை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குப் போட்டுப் பார்த்தாள். மெலிந்த தோளும் மார்பும் திண்டில் மறைந்தன. மேலே பூட்டிய கவசத்தின் பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார்ந்தது.

கோஸ்வின் தன்னையே குனிந்து பார்த்தான். "அக்கா, என்னையே பீப்பாய் ஆக்கிட்டீங்களே!"

"நீ செய்யுற பீப்பாய் ஒழுகும். இது ஒழுகாது."

மாக்தெல்ட் தயங்கிக் கேட்டாள்: "இது ஏமாத்து வேலை இல்லையா அக்கா?"

"கவசம் போட்டு நடக்கணும்னுதான் விதி. உள்ள எவ்வளவு சதை இருக்கணும்னு எவன் சொன்னான்?"

சொல்லிக்கொண்டே குனிந்தவள் அவன் செருப்பு வார் அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். காலுறையை இறக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். நீர் கோத்த காலில் குழி அப்படியே நின்றது.

"காலையில இந்தக் கால் எப்படி இருக்கும்?"

"குச்சி மாதிரி. சாயங்காலமாச்சுன்னா இப்படித் தூண்" என்றாள் மாக்தெல்ட். "வயிறும் அப்படித்தான்."

ஹெய்ல்விக் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆண்களுக்கு வேலை முடிந்த பிறகுதான் அளவெடுப்பது வழக்கம். இவனுக்கும் அப்படியே எடுத்துவிட்டாள். அவள் தைத்திருப்பது சாயங்காலத்து கோஸ்வினுக்கு. நடக்கப்போகிறவன் காலைநேரத்து கோஸ்வின். சட்டை இடுப்பில் தளர்ந்தால் இரும்பு முழுவதும் தோளில் இறங்கும். பாதிச் சுற்றிலேயே விழுந்துவிடுவான்.

"இப்பவே பிரிச்சுப் பிடிச்சுடுங்களேன்" என்றாள் மாக்தெல்ட்.

"எதை வச்சு? காலையில இவன் இடுப்பு எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது."

அக்குளிலிருந்து இடுப்பு வரை இரு பக்கத் தையலையும் பிரித்துத் திறந்தபடி விட்டாள். "இன்னிக்கு உப்பு மீன் கிடையாது. காலைத் தூக்கி வச்சுப் படு. நான் வர்ற வரைக்கும் தரையில கால் வைக்கக் கூடாது."

"மூத்திரம் வந்தா?"

"பானை எதுக்கு இருக்கு?"

"உப்பு மீன் ஒரே ஒரு துண்டு..."

"வேணாம்னேன்."

மறுநாள் விடிந்ததும் போனாள். கோஸ்வின் படுக்கையிலேயே இருந்தான். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துச் சட்டையை மாட்டினாள். இரு பக்கமும் கைப்பிடித் துணி மிஞ்சியது. அதை மடித்து, உடம்பிலேயே வைத்து நீளத் தையலாக ஓட்டினாள். மாக்தெல்ட் அவன் கைகளை உயரத் தாங்கிப் பிடித்திருந்தாள். ஒருமுறை ஊசி உள்ளே ஏறிவிட்டது.

"அம்மா!"

"அசையாதேன்னு சொன்னேன்ல."

கவசம் பூட்டிச் சந்தைவெளிக்குப் போனார்கள். சங்கத்தார் ஒருவர் முழங்கையைப் பிடிக்க வந்தார், கோஸ்வின் உதறினான். மீன்கடை மூலையில் மூச்சு வாங்க நின்றான், மீன் விலை பார்ப்பவன்போல. பிறகு மறுபடியும் நடந்தான். சுற்று முடிந்ததும் சங்கத் தலைவர் பெயர் கூப்பிட்டார். அவனுக்குக் குரல் வரவில்லை, கையைத் தூக்கினான். அதுவே போதுமாயிற்று.

வீட்டில் ஹெய்ல்விக் கத்தரியால் பக்கத் தையல்களை வெட்டிச் சட்டையைக் கழற்றினாள். தோளில் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தினாள். வெளுத்து, மறுபடி சிவந்தது. "புண்ணாகாது" என்றாள். வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து முதுகைத் துடைக்கும்போதே அவன் தூங்கிவிட்டான். மாக்தெல்ட் பக்கத்தில் வந்து அமர்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெய்ல்விக் வியர்வையில் ஊறிய சட்டையை உதறி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, வெயில் படும் ஜன்னலில் போட்டாள்.