பச்சை பெல்ட் கட்டிய ஆள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் தனுஷ்கோடிக் கரைக்குக் கூலிக்கு வலை இழுக்க வந்து, சொந்த வள்ளங்களும் கருவாடு அடுக்கிவைக்கக் கிட்டங்கியும் சம்பாதித்தேன். வானத்தின் நிறத்தைப் பார்த்தே காற்றைச் சொல்லிவிடுவேன். ஒரு படத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பள்ளிக்கூடமா வேண்டும்?

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலுக்கு முந்தின காலம். மதுரையிலிருந்து ஒரு டிராயிங் வாத்தியார் விடுமுறைக்கு வந்து, கிட்டங்கியை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார். ஒருநாள் தான் வரைந்த படத்தை வெயிலில் காயவைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

பார்த்தேன். வானமும் கடலும் ஒரே சாம்பல், கஞ்சித் தண்ணீரில் கரி விழுந்த மாதிரி. நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். அவன் காலடியில் சாயம் ஊறி மணலோடு மணலாகப் பரவியிருந்தது.

"இது துக்கத்தோட நிறம்ல, வாத்தியாரே! இந்தப் பய எதையோ தொலைச்சிட்டு நிக்கிறான். பின்னாடி இம்புட்டு வள்ளம் கிடக்கு, ஒண்ணையாவது திரும்பிப் பாக்குறானா? பொழைக்கத் தெரியாதவன். நம்மகிட்ட வந்தா ரெண்டு அறை விட்டு வேலைக்குச் சேத்துக்குவேன்."

காப்பி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி! இது நீங்கதான?"

"ஏய், கண்ணுல மண்ணா? நான் இப்படியா தொங்கிப்போயி நிப்பேன்?"

"இடுப்பைப் பாருங்க."

இடுப்பில் பச்சையாக ஒரு கீற்று. அந்தக் கரையில் அகலப் பச்சை பெல்ட் கட்டியவன் நான் ஒருத்தன்தான். அதையும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன்.

வள்ளங்களைப் பார்த்துவிட்டு வாரேன் என்று சொல்லித்தான் தினமும் சாயங்காலம் கரைக்குப் போவேன். படத்தில் வள்ளங்கள் என் முதுகுக்குப் பின்னால் கிடந்தன. என் தலை தலைமன்னார் கப்பல் போகும் திசையைப் பார்த்திருந்தது. கருவாட்டு வியாபாரம் வேண்டாமென்று சண்டை போட்டு, என் மகன் கொழும்புக்கு ஏறிப்போன கப்பல். அவன் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாதென்று சட்டம் போட்டவன் நான்.

"வாத்தியாரே, ஆளைத் திருப்பிப் போடும். வள்ளத்தைப் பாக்குற மாதிரி."

"தண்ணிச் சாயம், முதலாளி. மேல பூசினா அழுக்காயிரும்."

"அப்ப யாருக்கும் காட்டாம சுருட்டி வையும்."

"காட்டாட்டி?" என்றாள் அவள். "ஊரே கரையில உங்களைத் தினமும் பாத்துக்கிட்டுத்தான இருக்காக."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம், "அவன் விலாசம் தெரியுமா?" என்றேன்.

ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாதவள், கொழும்புத் தெருப் பெயர், கதவு எண், கடைப் பெயர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் பென்சிலைத் தேடினார்.