தேசிக்காய் போட்டு மினுக்கிய பித்தளை

அந்தப் பித்தளைத் தட்டு வண்டிச் சில்லு அளவு இருக்கும். மடிக்கும் மரக்கால்களின் மேல் அதை மேசையாக வைத்திருந்தார்கள். கறுத்து, பச்சை பிடித்து, அதில் வெட்டியிருந்த பூவேலை ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியின் பலேர்மோவில் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் நானும் சின்னம்மாவும் வேலை செய்தோம். சின்னம்மாவுக்குத் துப்புரவு வேலை. எனக்கு வீட்டுக்காரியின் வயதான தாயாரைப் பார்க்கிற வேலை. வீட்டுக்காரியை நாங்கள் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடவேண்டும். அவளுக்கு ‘அவர்’ போட்டு எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

மொரோக்கோவுக்கு ஒரு கிழமை சுற்றுலா போய் வந்தவளுக்கு வீட்டையே மொரோக்கோ ஆக்கவேண்டும் என்ற பித்துப் பிடித்தது. நல்ல கதவு நிலைகளை மறைத்து லாடம் போல வளைவு கட்டுவித்தாள். சுவருக்குச் செம்மண் நிறச் சாந்து, நடையில் சின்னச் சின்ன வண்ண ஓடுகள், தொங்கவிடத் துளை போட்ட பித்தளை விளக்குகள். இருந்த கதிரைகளைத் தூக்கிவிட்டு மூன்று சுவர் ஓரமும் நிலத்தோடு நிலமாக மெத்தை ஆசனம் போட்டாள். அதில் இருத்திய தாயாரைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் என் இடுப்பு விட்டுப்போகும். அந்த மனுசிக்கு ஒரு கதிரையாவது மிச்சம் வை என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

சின்னம்மாவின் கவலை வேறு. தகப்பன் இல்லாத ஒரே மகள், மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து மடுவில் அகதியாக இருந்தாள். வயது பதினேழரை. பதினெட்டு முடிவதற்குள் விண்ணப்பித்தால்தான் தாயோடு சேர இங்கே கூப்பிடலாம். அதற்கு முதலில் சின்னம்மாவின் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்க சிஞ்ஞோராவின் வேலைக் கடிதம் வேண்டும். ‘வீடு முடியட்டும், எழுதித் தருகிறேன்’ என்று அவள் மாதக்கணக்கில் இழுத்தடித்தாள்.

ஒருவழியாக வீடு முடிகிற கிழமை வந்தது. அதைக் காட்டுவதற்கு ஒரு விருந்து. முதல் நாள் காலை சிஞ்ஞோரா தலைமயிர் அலங்கரிக்கப் போயிருந்த நேரம், சின்னம்மா அந்தக் கறுத்த தட்டின் முன்னால் நின்றார்.

“விருந்து வைக்கிற வீட்டிலை பித்தளை இப்பிடிக் கிடந்தால் வாற ஆக்கள் எங்களைத்தானே பிள்ளை குறை சொல்லுவினம்,” என்றார்.

ஊரில் திருவிழாவுக்கு முன்னம் கோயில் மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு மினுக்கிய கை அது. இங்கே புளிக்கு எங்கே போவது? எலுமிச்சைக்குக் குறைவில்லை, எங்கள் பேச்சில் அது தேசிக்காய். போர்கோ வெக்கியோ சந்தையில் வாங்கி வந்து, பாதியாக வெட்டி, உப்பில் தொட்டு, முட்டுக்காலில் இருந்து தேய்த்தார். தட்டு, தேநீர்க் கேத்தல், இன்னும் தொங்கவிடாத ஐந்து விளக்குகள். மத்தியானத்துக்குள் தட்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. எனக்கும் பெருமைதான். இதைப் பார்த்தால் கடிதத்தை இண்டைக்கே தந்துவிடுவாள் என்று நானே சொன்னேன்.

சிஞ்ஞோரா வந்து கத்திய கத்தலில் கீழ்வீட்டார் படியேறி வந்தார்கள். அந்தக் கறுப்புக்காகத்தானாம் அவள் அவற்றை வாங்கினாள். பழமையாம். அழகாம். காட்டுமிராண்டிகள் கெடுத்துவிட்டோமாம். நடையில் ஓடு பதித்துக்கொண்டிருந்த மொரோக்கோக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “சிஞ்ஞோரா, எங்கள் வீட்டிலும் பெருநாளுக்கு முன்னர் அம்மா எலுமிச்சை போட்டு இப்படித்தான் தேய்ப்பார். கறுக்க விட்டால் வீட்டுக்காரிக்குத்தான் வெட்கம்,” என்று இத்தாலிய மொழியில் சொன்னார். “உன்னை யார் கேட்டது? போய் ஓட்டைப் பதி,” என்றாள். மொரோக்கோவைச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டவளுக்கு ஒரு மொரோக்கோக்காரர் வாய் திறந்தது பொறுக்கவில்லை. சின்னம்மாவை அந்த இடத்திலேயே வேலையால் நிறுத்தினாள். கடிதமும் கிடையாது என்றாள்.

சின்னம்மாவுக்கு இத்தாலிய மொழி நாலைந்து சொல்தான் தெரியும். நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். சிஞ்ஞோரா சொன்னதை மட்டும் சொன்னேன். மொரோக்கோக்காரர் சொன்னதையும் சொன்னால் சின்னம்மா நியாயம் கேட்பார், நானும் சேர்ந்து கேட்கவேண்டி வரும். என்னுடைய கடிதமும் அவள் கையில்தான் இருந்தது.

சின்னம்மாவுக்கு வேறு வேலையும் கடிதமும் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. மகளுக்கு வயது தாண்டிவிட்டது. அவளுடைய கலியாணத்தைச் சின்னம்மா வீடியோ கசற்றில்தான் பார்த்தார்.

இப்போது சின்னம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. மகளின் பேச்சு வரும்போதெல்லாம், “நான் அதிலை கை வைச்சிருக்கக் கூடாது, எல்லாம் என்னாலைதான்,” என்பார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன கிழமை பொறுக்கமுடியாமல் கத்திவிட்டேன்.

“உங்களிலை ஒரு பிழையும் இல்லை சின்னம்மா! தங்கட வீட்டிலையும் அப்பிடித்தான் மினுக்கிறவை எண்டு அந்த மொரோக்கோக்காரரே அவளுக்குச் சொன்னவர்.”

சின்னம்மா என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு அது அண்டைக்கே விளங்கினதோ பிள்ளை?”

“ஓம்.”

“இவ்வளவு வருஷமும் நான் என்னையல்லோ ஏசிக்கொண்டிருந்தனான்,” என்றார்.