மீதி மாஸ்டரின் எண்

"கொஞ்சம் தலையை ஆட்டாம இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்கிறார் மாஸ்டர். கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாக்களுக்குப் பக்கத்தில், கணினியின் விசிறி சீராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருப்தி. கத்தரி மறுபடி பேசத் தொடங்குகிறது.

முடி வெட்டும் கடையில் கணினி எதற்கு? பகா எண் தேடத்தான். ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத எண். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் ராட்சச எண்களை உலகெங்கும் ஆர்வலர்கள் பங்கு போட்டுச் சோதிக்கிறார்கள். மாஸ்டர் பங்குக்கும் ஒன்று வந்திருக்கிறது. சோதனை இதுதான்: நான்கில் தொடங்கு, அதை அதாலேயே பெருக்கு, இரண்டைக் கழி, ராட்சசனால் வகுத்து மீதியை எடு, அந்த மீதியை மறுபடி அதாலேயே பெருக்கு. வாரக்கணக்கில் இதே பாட்டு. கடைசி மீதி பூஜ்யமானால் அந்த ராட்சசன் பகா எண். நாற்காலியில் உட்கார்ந்தவரையெல்லாம் பிடித்து இதை விளக்கியதில் கிடைத்த பட்டம்தான் 'மீதி மாஸ்டர்'.

புதிதாக வருபவரிடம் பெயர் கேட்கமாட்டார், வயது கேட்பார். "முப்பத்தேழா? அருமையான வயசு சார். உங்களை யாராலும் வகுக்க முடியாது." தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு முடி வெட்டும் மனைவிக்கு நாற்பத்தேழு. "அவளையும் முடியாது. நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

தொல்லை என்னவென்றால், கடையின் மின்சாரம் நோஞ்சான். ஹேர் டிரையரும் கணினியும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். நடுவில் அணைந்தால் கணக்கு பிசகிவிடும் என்று மாஸ்டருக்குப் பயம். ஆகவே டிரையர் இழுப்பறைக்குள்; வந்தவர்கள் ஈரத்தலையோடு வெளியே. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு துண்டால் துவட்டுகிறார். "இந்த ஒரு எண் முடியட்டும். கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அதோட விட்டுடறேன்" என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார் மாஸ்டர்.

இன்று மாலை கணினி 'டிங்' என்றது. சீப்பை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தார். பாதி வெட்டிய தலையோடு நாற்காலிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு?" தடுப்புக்கு மேலே மனைவியின் தலை.

"பூஜ்யம் வரல. வகுபடுது."

"எதாலயாம்?"

"அது தெரியாது. வகுபடும்னு மட்டும்தான் சொல்லும்."

"நல்ல கதைங்க! வீட்டுல திருடன் இருக்கான், ஆனா யாருன்னு சொல்லமாட்டேங்கிற மாதிரி."

மாஸ்டர் சிரித்துவிட்டார். வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் "ஒண்ணைத் தள்ளியாச்சு. இனிமே யாரும் இதுக்குப் பின்னால அலைய வேண்டாம் பாரு" என்றபோது குரலில் ஒரு நிறைவு இருந்தது. சொன்ன சொல் தவறாமல் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார்.

இழுப்பறை திறந்தது. டிரையர் நெடுநாளைக்குப் பிறகு உறுமியது. தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் பெண், காய்ந்த கூந்தலைக் கோதிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

மாஸ்டர் இருண்டு கிடந்த திரையைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். மனைவி அதைப் பார்த்தார். பிறகு டிரையரின் ஒயரைச் சுற்றி இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, குனிந்து, கணினியின் பிளக்கை எடுத்துத் தன் கையாலேயே செருகினார்.