வாழைப்பூவுக்கு வந்த ஊதாப் பறவை

கனடாவில், அஜின்கோர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டு ஹெலன், வேலியில் ஒரு சிவப்புப் போத்தலில் சீனித்தண்ணீர் கட்டித் தொங்கவிடுவார். பறவைக்காம். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன கோடையில் பெருவிரல் அளவில் ஒரு குருவி வந்து, அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போனது. "ஹம்மிங்பேர்ட்" என்றார் ஹெலன். இதைவிடப் பெரியதை, நல்ல ஊதா நிறத்தில், குவாத்தமாலா மலையில் பார்த்திருக்கிறேன் என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, வெக்கேஷன்! யாரோடு போனீர்கள்?"

"தம்பியோடு" என்றேன்.

கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரன் எங்களைக் கொண்டுபோன பாதை அது. மலைக்காட்டில் ஒரு குடும்பத்தின் தகரக் கொட்டிலில் விட்டு, வாகனம் வரும்வரை இருக்கச் சொன்னான். நாள் முழுக்க முகில் வாசலால் உள்ளே வந்து போகும், உடுப்புக் காயாது. தம்பி ரூபனுக்குக் காய்ச்சல் பிடித்தது. பனடோல் முடிந்தபின் ஈரத்துணி மட்டும்தான். வெளியே வாழை பூத்திருந்தது. ஒரு காலை அந்தப் பூவுக்கு அது வந்தது: நெஞ்சு முழுக்க ஊதா, முதுகு கடும்பச்சை, வாலோரம் வெள்ளை, வளைந்த அலகு. ரூபன் பாயில் கிடந்தபடி தலையைத் திருப்பினான்.

"அக்கா, உது எங்கட தேன்சிட்டோ?"

"இல்லையடா. உது பெரிசு."

"கனடாவிலயும் நிக்குமோ?"

"நிக்கும். நீ சுகமாகு, போய்ப் பாப்பம்."

அன்று பின்னேரம் அவன் போய்விட்டான். அந்த வீட்டுக்காரர் வாழைகளுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். அவர்களுடைய பாஷை எனக்குத் தெரியாது. அந்த வீட்டு மனுசி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மறுநாள் வாகனம் வந்தது. ஏற்றிவிட்டார்கள். அது என்ன ஊர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"தம்பிக்கு அந்த இடம் பிடித்ததா?" என்று கேட்டார் ஹெலன். அவன் அங்கேயே நின்றுவிட்டான் என்றேன். "கொடுத்துவைத்தவர்" என்று சிரித்தார். நல்ல மனுசி. அவருடைய சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

ரூபனின் திவசத்தன்று சாவகச்சேரியிலிருந்து அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, விளக்குக் கொளுத்தப் போறன். அவன் எந்தப் பக்கம் கிடக்கிறான்?"

இங்கே எனக்கு அந்த மலை தெற்கு. அம்மா இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எந்தத் திசையோ, தெரியவில்லை.

"தெற்கம்மா."

"ஓம்" என்றார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அம்மா தன் தெற்கைப் பார்த்து, கடல்நீரேரிப் பக்கமாக விளக்கை வைத்தார். நான் போனைக் காதோடு பிடித்தபடி, குசினியில் என் தெற்கைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.