இசபெல் எழுதிய மன்னிப்புக் கடிதம்

கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் இசபெல். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனால், மாலை வரைக்கும் பதினான்கு பிள்ளைகளும் அவள் பொறுப்பு. பதினெட்டு வருடத்தில் ஒரு பிள்ளைகூட வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த திமிர்தானே.

எல்லாம் தண்ணீர் விஷயத்தில் அவள் காட்டிய பிடிவாதம். கேத்தல் தளதளவென்று கொதித்த பிறகு செபமாலையைக் கையில் எடுப்பாள். பத்து மணி உருட்டி முடியாமல் கேத்தலை இறக்க மாட்டாள். மாதா பெயரைச் சொல்லிக் கொதித்த தண்ணீரில் எந்தக் கிருமி தலையெடுக்கும்?

மூன்று வருடத்துக்கு முன் வந்த மண்சரிவில், மலை ஊற்றிலிருந்து, எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாய் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைத் திருத்தாமல், பாறையைத் துளைத்து ஒரு குழாய்க்கிணறு போட்டது தோட்ட நிர்வாகம். புதுக் கிணற்றை நம்பலாமா என்று இசபெலுக்குச் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று பத்து மணியை இருபதாக்கினாள்.

போன மாதம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சுஜீவன் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் நேரே பிள்ளைக்காம்பராவுக்குத்தான் வந்தார். தண்ணீரில் யுரேனியம் இருக்கிறது, பாறையிலிருந்து கரைந்து வருகிறது, இருக்கலாம் என்ற அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்றார். பெயரைக் கேட்டதும் எல்லோரும் கதிர்வீச்சு என்று பயப்படுவார்களாம். தண்ணீரில் வரும்போது அது முதலில் பதம் பார்ப்பது சிறுநீரகத்தை. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, சத்தமில்லாமல் கெடுக்கும். சின்ன உடம்புக்கு ஆபத்து கூடுதல். குளிக்கலாம், துணி துவைக்கலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன் என்று இசபெல் பெருமையாகவே சொன்னாள்.

"கிருமின்னா சூட்டுல செத்துரும் அக்கா. இது உலோகம். தண்ணிதான் ஆவியாப் போகும், இது கேத்தல்லயே நிக்கும். கூடக் கொதிக்க வச்சா, மிஞ்சுற தண்ணில இன்னும் கூடத்தான் செய்யும்."

இசபெல் அடுப்பிலிருந்த கேத்தலை இறக்கினாள். இருபது மணி. மூன்று வருடம். இனி என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கே நிறுத்தினால் உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், நேரத்தோடு நிறுத்தினால் சிறுநீரகம் தேறிவிட இடமுண்டு என்றார் சுஜீவன். சாதாரண வடிகட்டி இதைப் பிடிக்காது, ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊற்று. பிள்ளைகளின் சிறுநீரையும் சோதிக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் போனார்.

தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பிரதாப் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இயந்திரத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, அதுவரைக்கும் கிணற்றுத் தண்ணீர்தான் என்றார். "நீதான் நல்லாக் கொதிக்க வைக்கிறவளாச்சே, இசபெல்" என்று சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பிவிட்டது.

மறுநாள் காலை பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரிடம் இசபெல் எதையும் பூசி மெழுகவில்லை. தான் செய்ததையும் சேர்த்தே சொன்னாள்.

"எம் புள்ளைக்கும் அதத்தான் குடுத்தீங்களா அக்கா?" என்று கேட்டாள் தனுஷிகா. அவள் மகனுக்கு இரண்டு வயது.

"ஆமா. என் கையாலதான் குடுத்தேன். இனிக் குடுக்க மாட்டேன். வேலைய விட்டுத் தூக்குனாலும் சரி."

தனுஷிகா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அன்றைய பெரட்டில் பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருத்தியும் பிள்ளையும் கையுமாக முன்னால் வந்து நின்றாள். பிள்ளையைச் சுமந்துகொண்டு சரிவில் கொழுந்தெடுக்க முடியுமா? பிரதாப் எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று; அடுத்த நாட்களும் அப்படித்தான். கொழுந்து மும்முரமாக வரும் காலம். நான்கு நாள் கழிந்தால் முற்றிப்போகும், கொழுந்து யாருக்காகவும் காத்திராது. வீட்டுக்குத் தேவையான தண்ணீரைப் பெண்கள் மேலே ஊற்றிலிருந்து குடத்தில் சுமந்தார்கள்.

நான்காம் நாள் ஊற்றுக்குப் போட லொறியில் புதுக் குழாய் வந்து இறங்கியது. மூன்று வருடமாக நடக்காத வேலை இரண்டே நாளில் முடிந்தது. சுஜீவன் பீலித் தண்ணீரைச் சோதித்து, இதில் யுரேனியப் பயமில்லை, கிருமிக்குக் கொதிக்கவைத்தால் போதும் என்றார். சிறுநீர்ப் பரிசோதனையில் பதின்மூன்று பிள்ளைகளுக்குக் குறையில்லை. தனுஷிகாவின் மகனை மட்டும் மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டுமாம்.

அதே வாரம் இசபெலுக்கு ஒபீஸிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் பூட்டியதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை இல்லை. கேட்டுவிடுவோமே என்றாள் இசபெல். எழுதி, ஒரு பிரதியை ஒபீஸுக்குக் கொடுத்தனுப்பி, மற்றதைப் பிள்ளைக்காம்பராக் கதவில் ஒட்டினாள்.

'பதினான்கு பிள்ளைகளின் தாய்மாருக்கு. என்ன தண்ணீர் என்று கேட்காமல் மூன்று வருடம் கொடுத்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். பூட்டியதற்குக் கேட்க மாட்டேன். தண்ணீர் கெட்டால் மறுபடியும் பூட்டுவேன். இசபெல்.'

மறுநாள் விடிகாலையில் முதலில் வந்தவள் தனுஷிகா. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு இடுப்பிலிருந்த மகனை இறக்கி இசபெலின் கையில் கொடுத்தாள்.